சைகோன் கடிதத் தாளில் நிமிர்ந்து நிற்கும் சுழியெழுத்து: அது எது, கணினிக்கு எப்படிக் கொண்டுவருவது?

கேள்வியின் சுருக்கம்: தேவகோட்டையில் ஒரு வளவு வீட்டுப் பெட்டகத்திலிருந்து, ஐயாவின் ஐயா சைகோனுக்குக் கொண்டுவிற்க (கடல் கடந்து தொழில் செய்ய) போன காலத்துக் கடிதத் தாள்கள் கிடைத்திருக்கின்றன. தலைப்பில் விலாச எழுத்துகளும் (கடையைக் குறிக்கும் முன்னெழுத்துகள்) பெயரும், அடுத்த வரியில் 'பாங்க்கியே' (வங்கியாளர்), அதற்கடுத்து 'ரூ ஒஹியே, சைகோன்' ('ரூ' என்றால் பிரெஞ்சில் தெரு), கீழே தந்தி விலாசம், வலது ஓரத்தில் 'சைகோன்' என்று போட்டுத் தேதிக்கு இடம் விட்டு, கடைசி இலக்கம் இல்லாமல் 193 என்று மட்டும் அச்சிட்ட ஆண்டு. எழுத்து கையெழுத்துபோல் ஒன்றோடொன்று ஒட்டுகிறது, ஆனால் சாயவில்லை; செங்குத்தாக நிற்கிறது. படத்தைப் பார்த்து எழுத்துருவின் பெயர் சொல்லும் இணையச் சேவைகளில் போட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெயர் சொல்கிறது. இதன் பெயர் என்ன, கணினியில் கிடைக்குமா, அப்பச்சியின் சாந்திக் கல்யாணப் பத்திரிகையில் அதே எழுத்தைத் தமிழோடு சேர்த்துப் போட முடியுமா என்பது கேள்வி.

இது 'ரோந்த்' (ronde) என்னும் பிரெஞ்சு வகை. ஒரு தனி எழுத்துருவின் பெயர் அல்ல இது, ஒரு குடும்பத்தின் பெயர். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் அலுவலகக் கையெழுத்தாக நிலைபெற்ற நடை; பட்டை முனைப் பேனாவால் சாய்வில்லாமல், உருட்டி எழுதுவது. அதைப் பார்த்துப் பிரெஞ்சு வார்ப்படச் சாலைகள் ஈய எழுத்துகள் வார்த்தன. வங்கி, நோட்டரி அலுவலகம், வணிகக் கடிதத் தாள், பட்டயம், அழைப்பிதழ் எல்லாவற்றிலும் அது புழங்கியது. உங்கள் தாளில் அது இருப்பதற்குக் காரணம் எளிது: தாள் சைகோனில் அச்சானது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் அச்சகத்துக்கு எழுத்து பிரான்சிலிருந்து வந்தது.

செட்டிநாட்டு வீடுகளில் கிடைக்கும் பழைய தாள்களை அடையாளம் காணும்போது எழுத்தின் வளைவைப் பார்ப்பதற்கு முன் தாள் எந்த ஊரில் அச்சானது என்று பார்க்க வேண்டும். ஒரே வீட்டுப் பெட்டகத்தில் நாலு நாட்டு அச்சு இருக்கும். ரங்கூன் மொகல் தெரு, பினாங்கு பினாங்குத் தெரு, சிங்கப்பூர் மார்க்கெட் தெரு, கொழும்பு செட்டியார் தெரு என்று முகவரி இருந்தால் அது பிரிட்டிஷ் வழி வந்த எழுத்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஷெஃபீல்டின் ஸ்டீவன்சன் பிளேக், எடின்பரோவின் மில்லர் அண்ட் ரிச்சர்ட், பிறகு மோனோடைப். அங்கெல்லாம் கையெழுத்து வகை என்றால் பெரும்பாலும் சாய்ந்த செப்புத்தகட்டு (காப்பர்பிளேட்) எழுத்துதான், பேலஸ் ஸ்கிரிப்ட் போல. ரூ ஒஹியே என்பது சைகோனில் இன்றும் தண்டாயுதபாணி கோயில் நிற்கும் தெரு. நகரத்தார் கிட்டங்கிகள் (தொழிலும் தங்கலும் ஒன்றாக நடந்த கட்டடங்கள்) இருந்த இடம். அந்த ஒரு வரியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது.

முகவரி கிழிந்துபோன தாள்களிலும் ஊரைக் கண்டுபிடிக்கலாம். 'செட்டி' என்ற சொல்லின் கடைசியில் ஒய் போட்டு, பன்மைக்கு எஸ் சேர்ப்பது பிரெஞ்சு வழக்கம். முக்காற்புள்ளிக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டிருந்தாலும், எண் என்பதற்கு என்-னுக்குப் பக்கத்தில் குட்டி வட்டம் போட்டிருந்தாலும் பிரெஞ்சு கம்பாசிட்டரின் (அச்சுக்கோப்பவரின்) கை அது. டாலர் குறியைக் கண்டு ஏமாற வேண்டாம்: இந்தோசீனாவின் பியாஸ்தருக்கும் அதே குறியைப் போட்டார்கள். பினாங்குக் கணக்கு என்று நினைத்துச் சைகோன் ரசீதுகளை வேறு கட்டில் வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும்.

இனி, இணையச் சேவைகள் ஏன் குழம்பின என்பதற்கு வருகிறேன். முதல் காரணம் சொல்லிலேயே இருக்கிறது. 'ரோந்த்' என்றால் உருண்டை. ஆங்கிலத்தில் 'ரவுண்ட் ஹேண்ட்' என்றாலும் உருண்டை எழுத்துதான்; ஆனால் அது சாய்ந்த செப்புத்தகட்டு எழுத்தைக் குறிக்கும். அந்தச் சாய்ந்த எழுத்துக்குப் பிரெஞ்சில் 'ஆங்கிலேஸ்' என்று பெயர், அதாவது ஆங்கில எழுத்து. எனவே ஆங்கிலப் பெயரைப் போட்டுத் தேடினால் நேர் எதிரான குடும்பம் வந்து நிற்கும். ஜெர்மன் வழியில் தேடுவதானால் 'ருண்ட்ஷ்ரிஃப்ட்' என்று தேட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலில் சோனெக்கன் பட்டை முனைப் பேனாவோடு சேர்த்துப் பரப்பிய நடை அது, ரோந்துக்கு மிக நெருங்கிய உறவு.

இரண்டாவது காரணம் படம். அந்தச் சேவைகளில் பல ஒவ்வொரு எழுத்தையும் தனியாக வெட்டிப் பார்த்து ஒப்பிடும். ஒட்டிய எழுத்தில் எங்கே வெட்டுவது என்று தடுமாறும். ஒரு சொல்லை அப்படியே போடாமல், படத்தைப் பெரிதாக்கி, இணைப்புக் கோடுகளின் மேல் ஒரு வெள்ளைக் கோடு இழுத்து எழுத்துகளைப் பிரித்துவிட்டுப் போடுங்கள். வரி கிடைமட்டமாக இருக்கட்டும். சற்றுச் சாய்ந்தாலும் 'சாய்வெழுத்து' என்று முடிவுகட்டிவிடக்கூடும். எழுத்து உயரம் நூறு பிக்ஸலாவது வேண்டும். கைப்பேசிப் படத்தில் தாளின் மஞ்சள் நிறமும் மை மங்கலும் சேர்ந்து மெல்லிய கோடுகளை விழுங்கிவிடுகின்றன. கருப்பு வெள்ளையாக மாற்றும்போது இணைப்புக் கோடு அறுந்தால், ஒட்டாத எழுத்துகளின் கூட்டத்தில் போய்த் தேடும்.

பெயர் தேடுவதற்கு முன் இன்னொரு சோதனை அவசியம்: இது ஈய எழுத்தா, கல்லச்சில் யாரோ கையால் எழுதியதா, அல்லது வெட்டிய பிளாக்கா? கையால் எழுதியது என்றால் அதற்கு எழுத்துருப் பெயரே கிடையாது, தேடுவது வீண். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். தாளில் 'சைகோன்' இரண்டு முறை, ஒரே அளவில் வருகிறது. இரண்டையும் மேலுக்கு மேல் வைத்துப் பாருங்கள். பெரிய எஸ் முதல் கடைசி என் வரை இம்மி மாறாமல் பொருந்தினால் ஈய எழுத்து. நீங்கள் அனுப்பிய படத்தில் அவை பொருந்துகின்றன. ஐ-யின் மேலுள்ள இரட்டைப் புள்ளிகூட ஒரே இடத்தில் இருக்கிறது. அடுத்து, எழுத்தும் எழுத்தும் சேரும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். ஈய எழுத்தில் அந்த இடத்தில் மயிரிழை இடைவெளியோ மேல் கீழ் ஏறிய படியோ இருக்கும், ஏனென்றால் அங்கே இரண்டு உலோகத் துண்டுகள் முட்டிக்கொள்கின்றன. கல்லச்சில் கோடு வழுக்கிக்கொண்டு போகும். தாளின் பின்பக்கம் விரலால் தடவினால் ஈய எழுத்து அழுத்திய மேடு தெரியும். மை எழுத்தின் விளிம்புக்கு ஒதுங்கி அங்கே கறுத்தும் நடுவில் சற்று வெளுத்தும் இருக்கும். முன்பக்கம் மையே மேடாகக் கையில் தட்டுப்பட்டால் அது எஃகு அச்சில் குத்தியது. பெரிய வங்கிக் கடைகள் அப்படிச் செய்ததுண்டு.

உடைந்த வால்களையும் கவனியுங்கள். கையெழுத்து வகை ஈய எழுத்தில் சில சுழிகள் உலோக உடலுக்கு வெளியே நீண்டு பக்கத்து எழுத்தின் மேல் தொங்கும். கட்டும்போதும் கழுவும்போதும் முதலில் உடைவது அதுதான். உங்கள் தாளில் தந்தி விலாச வரியில் ஓர் எழுத்தின் கீழ்வால் பாதியில் நிற்கிறது. அது வடிவமைப்பு அல்ல, தேய்மானம். ஒப்பிடும்போது அதை ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்டால் தப்பான பெயரில் போய் முடியும்.

இது பிரெஞ்சு வார்ப்புதானா என்று அளந்தும் பார்க்கலாம். பிரான்சில் எழுத்து உடலைத் திதோ பாயிண்டில் அளந்தார்கள், ஒரு பாயிண்ட் 0.376 மில்லிமீட்டர். பிரிட்டிஷ், அமெரிக்க பாயிண்ட் 0.351 மில்லிமீட்டர். 24 பாயிண்ட் எழுத்து என்றால் திதோவில் 9.02 மி.மீ., ஆங்கில அளவில் 8.43 மி.மீ. ஒரு வரியில் இந்த வித்தியாசம் பிடிபடாது. நெருக்கிக் கட்டிய ஐந்து வரி கிடைத்தால் முதல் வரியின் அடிக்கோட்டிலிருந்து ஐந்தாம் வரியின் அடிக்கோடு வரை நாலு இடைவெளி: 36.1-க்கும் 33.7-க்கும் இடையே யாரும் குழம்ப முடியாது. வரிக்கு நடுவே லெட் (வரிகளை விலக்க வைக்கும் ஈயத் தகடு) போட்டிருந்தால் இந்தக் கணக்கு உதவாது. தலைப்பில் பெரும்பாலும் லெட் இருக்கும். எனவே ரசீதின் அடியில் பொடி எழுத்தில் வரும் நிபந்தனைகள் போன்ற பகுதியில் அளக்க வேண்டும். அது வேறு எழுத்துதான் என்றாலும் அச்சகம் எந்த அளவு முறையில் எழுத்து வாங்கியது என்று காட்டிக்கொடுக்கும்.

ரோந்த் என்று உறுதியாகச் சொல்வதற்கு நான் பார்த்தவை மூன்று. சாய்வு இல்லை. தடிப்பும் மெலிவும் கூர்முனைப் பேனாவை அழுத்துவதால் வரும் வீக்கம் அல்ல. பட்டை முனை திரும்புவதால் தானாக வருவது. ஆகவே செங்குத்துக் கோடு முழு நீளத்துக்கும் ஒரே தடிமன், மேலும் கீழும் சட்டென்று மெலிகிறது. மூன்றாவது, தந்தி விலாச வரியில் வரும் சின்ன டி, அதாவது ஆங்கில வரிசையின் நாலாவது எழுத்து. அதன் தண்டு நேராக ஏறாமல் இடப்பக்கம் பின்னோக்கி வளைகிறது. ரோந்த் கையெழுத்தின் முத்திரை அது.

எந்த வார்ப்படச் சாலையின் ரோந்த் என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் நகரத்தார் தாளுக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. கையெழுத்து வகைகளில் சின்ன எழுத்துகள் எல்லாச் சாலைகளிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரிய எழுத்துகள்தான். சாதாரணக் கடையின் தாளில் இரண்டு மூன்று பெரிய எழுத்துதான் வரும். நம் விலாசத்தில் ஆர்.எம்., ஏ.எல்., எஸ்.பி. என்று வரிசையாக அடுக்குவதால் ஒரே தலைப்பில் ஏழெட்டுக் கிடைத்துவிடுகிறது. பங்காளி வீட்டுத் தாள்களையும் சேர்த்தால் இன்னும் நாலைந்து. எம்-மின் முதல் கால் எங்கே சுருள்கிறது, ஆர்-ரின் வயிறு தண்டைத் தொடுகிறதா தொடாமல் நிற்கிறதா, எஸ்-ஸின் அடிச்சுழி மூடியதா திறந்ததா, சி-யின் நடுவில் குறுக்குச் சுழி உண்டா, ஏ உச்சியில் கூரா உருண்டையா என்று ஒவ்வொன்றாக வரைந்து ஒரு தாளில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வார்ப்படச் சாலைகள் தங்கள் எழுத்துகளை அச்சிட்டுக் காட்டிய மாதிரிப் புத்தகங்களைப் புரட்டுங்கள். பிரெஞ்சுப் பக்கம் முதலில் பார்க்க வேண்டியது பாரீசின் தெபெர்னி எ பெய்ஞோ. 1923-இல் இரண்டு சாலைகள் இணைந்து உருவானது. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் கலிக்கா தளத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் பழைய மாதிரிப் புத்தகங்கள் முழுமையாகப் படமாக உள்ளன. தேடும் பெட்டியில் 'ரோந்த்' என்ற பிரெஞ்சுச் சொல்லைப் போட்டால் போதும்.

ஒரு எச்சரிக்கை: வடிவம் ஒன்று, பெயர் பல என்பது எழுத்துரு உலகின் நெடுநாள் வழக்கம். ஒரு சாலை வார்த்ததை இன்னொரு சாலை மின்முலாம் முறையில் அச்சுவார்ப்பு எடுத்து வேறு பெயரில் விற்கும். கணினிக் காலத்திலும் அதேதான். கொரோனெட் என்ற எழுத்து பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தில் ரிப்பன் 131, ரோஜர் எக்ஸ்கோஃபோனின் மிஸ்த்ரால் அங்கே ஸ்டக்காட்டோ 222, அவருடைய ஷோக் ஸ்டக்காட்டோ 555. பெயர் வணிகச் சின்னம் என்பதால் பெயரை மாற்றி வடிவத்தை வைத்துக்கொண்டார்கள். ஆகவே ஒரே ஒரு சரியான பெயர் உண்டு என்று தேடாதீர்கள். எந்தெந்தப் பெயர்களில் இந்த வடிவம் உலவுகிறது என்று தேடுங்கள்.

கணினியில் இன்று கிடைக்கும் ரோந்த் வகைகளுக்கு வருவோம். அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸுக்காக மோரிஸ் ஃபுல்லர் பென்டன் 1905-இல் செய்த டைப்போ அப்ரைட் பரவலாகப் புழங்குவது. அதன் பிட்ஸ்ட்ரீம் வடிவம் பழைய கோரல் டிரா குறுந்தகடுகளோடு வந்தது. காரைக்குடியிலோ சிவகாசியிலோ பத்திரிகை வடிவமைக்கும் கடைகளின் கணினிகளில் இன்றும் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, கேட்டுப்பாருங்கள். அதே வடிவம் லைனோடைப்பில் லைனோஸ்கிரிப்ட் என்ற பெயரில் கிடைக்கிறது. மோனோடைப்பின் ஃபிரெஞ்ச் ஸ்கிரிப்ட் மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு வருவது. இவற்றுக்கு அப்பால் காந்தோ ரோந்த்: 18-ஆம் நூற்றாண்டுப் பாரீஸ் வார்ப்பாளர் நிக்கோலா காந்தோவின் எழுத்தை ஒட்டி மேத்யூ கார்ட்டரும் ஹான்ஸ் யூர்க் ஹுன்சிக்கரும் 1970-இல் ஒளி அச்சுக்கோப்புக்காக வரைந்தது. உங்கள் தாளிலுள்ள எழுத்தின் குணத்துக்கு, பட்டை முனையின் கனம் மாறாமல் இருப்பதால், காந்தோதான் நெருக்கம் என்பது என் கருத்து. டைப்போ அப்ரைட் சற்று நாகரிகமாக, அமெரிக்க அழைப்பிதழ் வாசனையோடு இருக்கும்; அழகுதான், ஆனால் சைகோன் கிட்டங்கியின் முகம் அதில் இல்லை.

மூன்றையும் அச்சிட்டு, ஒளி ஊடுருவும் தாளில் எடுத்து, மூலத்தின் மேல் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒப்பிடும்போது மூலத்தில் மை பரவியிருக்கிறது என்பதைக் கழித்துப் பார்க்க வேண்டும்; ஈய அச்சில் மெல்லிய கோடு எப்போதும் சற்றுப் பருத்தே விழும்.

விலாச எழுத்துகளில்தான் எல்லா ரோந்தும் சிக்கலைத் தரும். ரோந்தின் பெரிய எழுத்து, பின்னால் சின்ன எழுத்து வரும் என்ற நம்பிக்கையில் வரைந்தது. அதன் வலப்பக்கச் சுழி அடுத்த எழுத்தின் தலைக்குக் கீழே புகுந்துகொள்ளும். நாலு பெரிய எழுத்தைப் புள்ளியோடு அடுக்கினால் ஓரிடத்தில் சுழியின் மேல் புள்ளி ஏறும், இன்னோரிடத்தில் பள்ளம் விழும். மூலத்தைப் பாருங்கள்: கம்பாசிட்டர் எழுத்துகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளித் தகடு வைத்துச் சமன் செய்திருக்கிறார், புள்ளி எல்லா எழுத்துக்கும் ஒரே தூரத்தில் விழுகிறது. நீங்களும் கையால்தான் செய்ய வேண்டும். விலாசத்தைத் தட்டச்சு செய்தபின் வளைகோடாக (எழுத்துரு தேவைப்படாத வரைபட உருவமாக) மாற்றி, ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே நகர்த்துங்கள். கண்ணுக்கு எழுத்தின் தண்டுகளுக்கு இடையே உள்ள வெள்ளை ஒன்றுபோல் தெரிய வேண்டும். சுழிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். பெயர் முழுவதையும் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று வீட்டில் யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள், வாசிக்க முடியாது.

கிடைக்கும் எழுத்துரு எதுவும் திருப்தியில்லை, மூலத்தையே எழுத்துருவாக்க வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. முதலில் மாதிரி சேர்க்க வேண்டும். கடிதத் தாள் மட்டும் போதாது: உறை, ரசீது, உண்டியல் (பணம் தரச் சொல்லும் வணிகச் சீட்டு), வாழ்த்து அட்டை என்று அதே அச்சகத்தில் அடித்த எல்லாவற்றையும் எடுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் மங்குச் சாமான்களுக்கும் மரச் சாமான்களுக்கும் நடுவே கட்டுக்கட்டாகப் பழைய கணக்குத் தாள்கள் வருவதுண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த தொகுப்பை வைத்து 1994-இல் உருவான சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் புத்தகங்களோடு அழைப்பிதழ், துண்டறிக்கை வகைகளும் உள்ளன.

ஸ்கேன் 1200 டிபிஐ-யில், சாம்பல் நிறத்தில், டிஃப் கோப்பாக இருக்கட்டும். கருப்பு வெள்ளையாக எடுத்தால் மெல்லிய கோட்டின் உண்மைத் தடிமன் தொலைந்துபோகும். ஜேபெக் விளிம்பைச் சிதைக்கும். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரியுமே, அதற்குத் தாளுக்குப் பின்னால் ஒரு கருப்புக் காகிதம் வையுங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும். துருப்பிடித்த ஊசியை இழுக்காமல், முனையை நிமிர்த்தி எடுங்கள். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது.

ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று முதல் ஐந்து மாதிரி எடுத்து அடுக்கிப் பார்த்து, எல்லாவற்றிலும் பொதுவாக உள்ள உள்வரம்பை வரையுங்கள். வெளிவரம்பு மையினுடையது. தானாகக் கோடு எடுக்கும் வசதியை நம்பினால் ஒரு எழுத்துக்கு நூறு கணுக்கள் (கோட்டை நிறுத்தும் புள்ளிகள்) விழும், வளைவு நடுங்கும். பின்னணியில் படத்தை வைத்து, மேல், கீழ், இடம், வலம் ஓரங்களில் மட்டும் கணு வைத்துக் கையால் வரைவதே வழி. சின்ன எழுத்து பலவற்றுக்குப் பதினைந்து இருபது கணுக்கள் போதும். ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம், இந்த வேலைக்குப் போதும். கிளிஃப்ஸ் இன்னும் வசதி, ஆனால் மேக் கணினி வேண்டும்.

ஒட்டும் எழுத்தில் முக்கியமான முடிவு இணைப்பின் உயரம். எல்லா எழுத்தின் வெளியேறும் கோடும் ஒரே உயரத்தில், ஒரே தடிமனில், ஒரே கோணத்தில் முடிய வேண்டும். அடுத்த எழுத்தின் உள்நுழையும் கோடு அங்கேயே தொடங்க வேண்டும். எழுத்தின் உடல் உயரத்தை 1000 அலகாகப் பிரித்து, இணைப்பை 120 என்று வைத்தால் கடைசி வரை 120. வெளியேறும் கோடு எழுத்தின் அகலத்தைத் தாண்டி 10 முதல் 15 அலகு நீளட்டும். சரியாக எல்லையில் நிறுத்தினால் கணக்கில் தொடும், அச்சில் ஒரு வெள்ளை மயிரிழை தெரியும். இணைப்பு உள்ள ஜோடிகளுக்குக் கர்னிங் (குறிப்பிட்ட இரண்டு எழுத்துக்கு இடையிலான இடைவெளித் திருத்தம்) கொடுக்காதீர்கள், இணைப்பு விலகிவிடும். ஓ, வி, டபிள்யூ போல மேலே முடியும் எழுத்துகளுக்குப் பின் வருவதற்கு மாற்று வடிவம் வரைந்து, ஓபன்டைப்பின் சூழல் மாற்று விதியில் சேர்க்க வேண்டும். இதைத் தவிர்த்தால் எழுத்துரு நாலு சொல்லில் நன்றாக இருந்து ஐந்தாவது சொல்லில் அறுபடும்.

மெல்லிய கோட்டுக்குக் கீழ்வரம்பு வையுங்கள். கணினிப் பாயிண்ட் ஈய அச்சுப் பாயிண்டைவிடச் சற்றே பெரியது; அதன்படி 24 பாயிண்டில் 1000 அலகு என்பது 8.47 மி.மீ.; 20 அலகுக் கோடு 0.17 மி.மீ., அது ஆஃப்செட்டில் நிற்கும். 12 அலகு என்றால் 0.1 மி.மீ., வண்ண அட்டையில் காணாமல் போகும். தங்கத் தகடு ஒட்டும் முறையில் சிக்கல் தலைகீழ்: கோடு பருத்து, சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைத்துக்கொள்ளும். சுழியின் உள்வெளி 0.2 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். பிளாக்குக்குக் கொடுக்கும் முன் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடுகளையெல்லாம் ஒரே உருவமாக இணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சில இயந்திரங்கள் ஏறிய இடத்தை வெள்ளையாக வெட்டிவிடும்.

கிடைக்காத எழுத்துகள் வரும். பிரெஞ்சு வாசகத்தில் சின்ன கே-யும் டபிள்யூ-வும் ஏறக்குறைய வராது. நம் ஊர்ப்பெயர்களுக்கோ கே இல்லாமல் முடியாது. கே-யின் தண்டை எல்-லிலிருந்தும், கையை ஆர்-ரின் தோளிலிருந்தும் எடுக்கலாம். டபிள்யூ-வை இரண்டு வி-யாகச் சேர்க்கும்போது நடுக்கோட்டை மெலிக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் அந்த எழுத்து மட்டும் கறுத்துத் தெரியும்.

உரிமை பற்றி. 1930-களின் ஈய எழுத்து வடிவத்தைத் தாளிலிருந்து பார்த்துப் புதிதாக வரைவதில் இந்தியாவில் தடையில்லை. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்த வடிவத்துக்கே 10 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுதான் காப்பு. ஆனால் லைனோஸ்கிரிப்ட் போன்ற கோப்பைத் திறந்து அதன் கோடுகளை எடுத்து மாற்றுவது வேறு விஷயம், அது மென்பொருளை நகலெடுப்பது. பழைய வணிகப் பெயரையும் சூட்ட வேண்டாம். மற்றவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்றால் திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியிடுங்கள்.

கடைசியாகத் தமிழ். ரோந்துக்குப் பொருத்தம் என்று தமிழ் எழுத்துக்குச் சுழி வால் முளைக்க வைக்கும் எழுத்துருக்களைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தமிழ் ஏற்கெனவே உருண்டை. இன்னும் சுழித்தால் ஞ-வும் ஞு-வும் புரியாமல் போகும். நிமிர்ந்து நிற்கும், தடிப்பும் மெலிவும் உள்ள, ஈய அச்சுக் காலத்தை ஒட்டிய ஒரு சாதாரண உரை எழுத்துருதான் சேரும். அந்தக் காலப் பத்திரிகைகளிலும் அப்படித்தான்: ஆங்கில வரி மட்டும் அலங்காரம், தமிழ் உரை எழுத்து. ரோந்தின் சின்ன எழுத்து உடலில் சிறியது என்பதால் இரண்டையும் ஒரே பாயிண்டில் போட்டால் தமிழ் இரைச்சலாக இருக்கும். ரோந்த் 24 என்றால் தமிழ் 14-இல் தொடங்கி, ரோந்தின் சின்ன எழுத்தைவிட 'ப' சற்றே உயரமாகத் தெரியும் அளவில் நிறுத்துங்கள். கு, ழு, ஞூ எல்லாம் கீழே இறங்கும், வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள்.

1930-களின் தோற்றம் முழுதாக வேண்டுமானால் இன்னொன்று இருக்கிறது. 1978 சீர்திருத்தத்தில் 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. 'அண்ணாமலை' என்ற ஒரு பெயரிலேயே ணா, லை இரண்டும் பழைய வடிவத்தில் வேறு மாதிரி இருக்கும். யூனிகோடில் பழையதற்கும் புதியதற்கும் குறியீடு ஒன்றுதான், வடிவம் எழுத்துருவுக்குள் இருக்க வேண்டும். எனவே பழைய வடிவம் உள்ள எழுத்துருவைத் தேர்ந்து, அந்த வசதியைப் பயன்பாட்டில் இயக்கி, கோப்பை வளைகோடாக மாற்றிய பிறகே அச்சகத்துக்கு அனுப்புங்கள். வளைகோடாக்காமல் அனுப்பினால், யூனிகோடு அல்லாத பழைய குறியாக்கத்தில் வேலை செய்யும் கடைக் கணினி எழுத்துருவை மாற்றி, துதிக்கைபோல் வளைந்த பழைய லை, இன்றைய சாதா லை ஆகித் திரும்பி வரும். மெய்ப்புப் பார்க்கும்போது இந்த 13 எழுத்துகளையும் தனியாக ஒரு சுற்றுப் பாருங்கள். பத்திரிகையில் பெரியவர்கள் பெயர்களில்தான் அவை அதிகம் வரும்.